கொசு உள்ளானின் கால்

இந்த வாரம் இதை எழுதுவதாகவே இல்லை. எங்கள் அத்தான் டிராமில் ஏற்றிய அப்பளக் கூடை கவிழ்ந்து, கல்கத்தா ராஷ்பிகாரி அவென்யூ முழுக்க அப்பளங்கள் உருண்டோடிய கதையை எழுதி, பத்திரிகைக்கு அனுப்ப உறைக்குள் போட்டு ஒட்டியும் விட்டேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது சிரிப்பைத்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம் வேறு எதை எதிர்பார்ப்பார்கள்?

ஆனால் முந்தாநாள் பவானிபூரில், பாதாள ரயிலுக்காக வீதியைப் பிளந்து போட்டிருக்கிறார்களே, அந்தப் பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் நடந்துகொண்டிருந்தேன். கீழே மழைத்தண்ணீர் தேங்கிய சேறு. அதன் ஓரத்தில் ஒரு பொடிப் பறவை, தையல் மிஷின் ஊசி மாதிரி மூக்கால் குத்திக் குத்தி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் திட்டத் திட்ட, நான் குனிந்து அதன் காலைப் பார்க்க முயன்றேன். சேறு அப்பியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தேன். அப்பளம் எங்கும் ஓடிப் போய்விடாது.

சேற்றில் ஒரு முதுகு

விடிந்தும் விடியாத நேரம். கல்கத்தாவுக்குத் தெற்கே, நாம்கானாவையும் தாண்டி, நிலம் முடிந்து கடலும் தொடங்காமல் இரண்டுக்கும் நடுவே சேறாகக் கிடக்கிற ஓர் இடம். கடல் பின்வாங்கிப் போயிருந்தது. உப்பும் அழுகலும் கலந்த வாசனை. அந்த வாசனையை எனக்குப் பிடிக்காது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

முழங்கால் சேற்றில் என் சிநேகிதன் வெங்கி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நனைந்த பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. கையில் ஏதோ இருக்கிறது என்று அதிலிருந்துதான் தெரிந்தது.

அவன் ஒரு நம்பரைக் கத்தினான். எங்கள் பறவை முகாமில், பிடித்த பறவையின் கால் வளையத்தில் இருக்கிற நம்பரை இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை சொன்னபோது அவன் குரல் கோயில் மணி மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை பாதியில் இறங்கிவிட்டது.

பிறகு திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினான்.

“குறடைக் குடுறா.”

அதை இங்கேயே நிறுத்தி வைக்கிறேன். அந்தக் கைக்குக் குறடு போய்ச் சேருவதற்குள் கொஞ்சம் பழைய சமாசாரம் சொல்ல வேண்டும்.

மசாலாப் பொடியோடு போனவன்

லேக் மார்க்கெட்டில் எங்கள் அத்தானுக்குக் கடை. காப்பிப் பொடி, அப்பளம், வடகம், புளி. அக்காவைக் கட்டிக்கொடுத்ததோடு என்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

வெங்கி பவானிபூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பிப் பொடிக்கு வருவான். டல்ஹௌசியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட. இஸ்திரி போட்ட சட்டை, நக இடுக்கில் சேறு. அந்தச் சேறுதான் எனக்குப் புரியவில்லை.

ஒரு நாள் வாயில் கயிறு கோத்த சின்னத் துணிப்பைகள் கிடைக்குமா என்று கேட்டான். எதற்கு என்றேன். பறவை பிடிக்க என்றான். என் நாக்கில் தண்ணீர் ஊறியது. காசு வேண்டாம், என்னையும் கூட்டிக்கொண்டு போனால் போதும் என்று பைகளை நானே தைத்துக் கொடுத்தேன்.

முதல் தடவை போனபோது மசாலாப் பொடியும் ஒரு சின்ன வாணலியும் எடுத்துக்கொண்டு போனேன். சியால்தாவிலிருந்து ரயில், பிறகு பஸ், பிறகு படகு, பிறகு சேறு. அங்கே பாதல்தா, அதாவது பாதல் அண்ணன், உட்கார்ந்திருந்தார். ஒரு காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவர், முகாமுக்குத் தலைவர். என் மூட்டையிலிருந்து வந்த மிளகு வாசனையை மோந்துவிட்டு, வெங்கியைப் பார்த்து, மதராஸ்காரர்கள் பறவைக்கு இதைத்தான் தடவுவார்களா என்று கேட்டார். வெங்கி ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, பிடிக்கிறது விடுவதற்காகவாம். கண்ணுக்கே தெரியாத மெல்லிய நைலான் வலையை இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்ட வேண்டும். மாட்டிய பறவையை நோகாமல் பிரித்துப் பையில் போட்டுக் கொடியில் தொங்கவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து இறக்கையை அளந்து, பையோடு நிறுத்து, காலில் நம்பர் போட்ட அலுமினிய வளையம் மாட்டி, பறக்க விட வேண்டும். எங்கேயாவது யாராவது அந்தப் பறவையைப் பிடித்து, வளையத்தில் உள்ள விலாசத்துக்கு எழுதினால், அது எங்கேயிருந்து எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும்.

“பையோட நிறுக்கீயளே, எங்க கடையில அப்படி நிறுத்தா வெட்டுக்குத்து ஆயிரும்” என்றேன் நான். பையின் எடையைக் கழித்துக்கொள்வோம் என்று பாதல்தா மிகவும் பொறுமையாக எனக்கு விளக்கினார். நான் கிண்டல் செய்கிறேன் என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

சந்தேகக் கால்

வளையம் போடுவதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். குறடால் நெருக்கும்போது வளையத்தின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று முட்டி நிற்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் உதடு மாதிரி ஒரு விளிம்பு நிற்கும். அதில் சேறு சேரும், நார் சிக்கும், நடக்க நடக்கக் காலை அறுக்கும். அதனால் ஒவ்வொரு கால் கனத்துக்கும் ஒவ்வோர் அளவு வளையம் உண்டு.

இன்னொன்று எங்கள் முகாமின் பழக்கம், பாதல்தா ஏற்படுத்தியது. வளையத்தை வலது காலில்தான் போட வேண்டும். சரியாகப் பொருந்தியதா என்று போட்டவனுக்கே சந்தேகம் இருந்தால் மட்டும் இடது காலில் போட வேண்டும். பின்னால் எவன் கையில் அது மாட்டினாலும் இடது காலைப் பார்த்ததும் முதல் வேலையாக வளையத்தைச் சோதிப்பான். நான் அதற்குச் சந்தேகக் கால் என்று பேர் வைத்தேன். பாதல்தாகூட ‘ஷொந்தேஹொ பா’ என்று வங்காளத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வெங்கி இடது காலில் போட்டு நான் பார்த்ததே இல்லை. அவன் விரல் அப்படி. வலையில் நூல் சுற்றிக் கிடக்கிற பறவையை, தூங்குகிற குழந்தையின் சட்டையைக் கழற்றுகிற மாதிரி பிரிப்பான். ஆபீசில் அவனுடைய மேலதிகாரி, ஃபைல் கயிற்றைக்கூட இவனுக்குச் சரியாகக் கட்டத் தெரியவில்லை என்று திட்டுவாராம்.

மூங்கிலும் மூட்டையும்

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. அது கல்கத்தாவில் இளவட்டப் பயல்கள் மூட்டையோடு நடந்தாலே போலீஸ் நிறுத்துகிற காலம். நாங்களோ மூங்கில், கயிறு, குறடு, துணிப்பை சகிதம் விடிகாலையில் சியால்தாவில் இறங்குகிறவர்கள். ஒரு தரம் பிடித்துக்கொண்டார்கள்.

பையில் என்ன என்று கேட்டார் போலீஸ்காரர். பறவை எச்சம் என்றேன் நான், மரியாதையாக. கைவிட்டுப் பார்த்தார். நான் சொன்னது உண்மைதான் என்று தெரிந்துகொண்டார்.

அதற்கப்புறம் அரைநாள் எங்களை உட்கார வைத்துவிட்டார்கள். வெங்கிக்கு ஆபீஸ் போயிற்று. எனக்குக் கடையில் விழ வேண்டியது விழுந்தது. ஆனாலும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வெங்கி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்தில் இருந்த ஜேப்படிக்காரனும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தான். அப்படிச் சிரிக்கிற வெங்கி ஒருத்தன் இருந்தான் என்று சொல்வதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

கோடியக்கரை

அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. கோடியக்கரையில் பெரிய முகாம் ஒன்று நடந்தது. வருஷம் முழுக்கப் பறவைகளோடேயே இருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, சம்பளத்துக்கு. குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விட வேண்டும் என்று வெங்கி சதா பேசிக்கொண்டிருப்பான். உப்பளம், பூநாரை, கலங்கரை விளக்கம் என்று பார்க்காத ஊரைப் பார்த்த மாதிரி வர்ணிப்பான்.

அவன் பேரைச் சிபாரிசு செய்யப் பாதல்தா தயார். ஆனால் எங்கள் சேற்றிலிருந்து அதுவரை எந்த வளையமும் திரும்பி வந்து சேரவில்லை. இங்கே வேலை ஒழுங்காக நடக்கிறது என்று காட்டுவதற்கு ஒரே ஒரு பறவையாவது வேண்டும் என்றார் அவர். நீ போட்ட வளையத்தோடு ஒன்று வரட்டும், அன்றைக்கே எழுதுகிறேன் என்றார்.

அந்த ஒரு பறவைக்காக அவன் காத்திருந்தான். வசந்தத்தில் எல்லாம் வடக்கே சைபீரியா பக்கம் போய்விடும். மழை ஓய்ந்து, துர்கா பூஜைப் பந்தலைப் பிரிக்கிற சமயத்தில் திரும்பி வரும். அப்போது வெங்கியின் முகத்தைப் பார்க்க வேண்டும், பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிறவன் மாதிரி இருப்பான். “உன் உள்ளானுக்கு அங்கியே சம்பந்தம் ஆயிருக்கும்ல, மாமனார் விடமாட்டாரு” என்பேன். சேற்றை அள்ளி எறிவான்.

கடைசிப் பறவை

ஒரு சாயங்காலம். கடல் ஏற ஆரம்பித்துவிட்டது. பாதல்தா சாமான்களோடு படகுக்குப் போய்விட்டார். நான் தூரத்தில் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். கொடியில் ஒரே ஒரு பை பாக்கி.

அதில் இருந்தது கொசு உள்ளான். உள்ளான் இனத்திலேயே பொடிசு, இரண்டு தீப்பெட்டிக் கனம் இருக்கும், அவ்வளவுதான். வெங்கிக்கு அதன்மேல் தனிப் பிரியம். இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு இமயமலையைத் தாண்டி வருகிறதே என்பான்.

மிகச் சின்ன அளவு வளையம் தீர்ந்துபோயிருந்தது. புதுசு பார்சலில் வந்துகொண்டிருந்தது, எங்கேயோ. வளையம் இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடலாம். அதுதான் முறை.

மூங்கிலோடு நான் கரைக்கு வந்தபோது பை காலியாகத் தொங்கியது. படகில் ஏறியதும் வெங்கி பாதல்தாவிடம் சொன்னான், கடைசிப் பறவைக்கும் போட்டுவிட்டேன், அடுத்த பெரிய அளவு வளையத்தை நெருக்கிப் போட்டேன் என்று. பாதல்தா ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார்.

“டீக் ஆச்சே?” என்று கேட்டார். சரியாக இருக்கிறதா என்று.

“டீக் ஆச்சே” என்றான் வெங்கி.

அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பாதல்தா வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நான் காலியான பையை மோந்து பார்த்து, அத்தான் கடைக் காப்பிப் பொடியைவிட நல்ல வாசனை என்றேன். யாரும் சிரிக்கவில்லை. படகு ஆடிக்கொண்டிருந்தது.

குறடு

மறு வருஷத்துக் காலைக்குத் திரும்புகிறேன். நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.

குறடை அவன் தோளுக்கு மேலாகக் கொடுத்தேன். எட்டிப் பார்த்தேன். பறவை மல்லாந்து அவன் கைக்குள் இருந்தது, விரல் இடுக்கில் ஒரு கால் மட்டும் வெளியே. வளையம் இருந்த இடத்தில் பட்டாணி அளவுக்கு வீக்கம். சேறும் நாரும் ஏறிக் கல்லாகியிருந்தன. ஏறி நின்ற விளிம்பு சதைக்குள் போயிருந்தது. அந்தக் காலோடு அது சைபீரியாவுக்குப் போய்விட்டு, அதே சேற்றுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

“தள்ளுடா, வெளிச்சம் மறைக்கறது” என்றான். தள்ளிப் போனேன். அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் அவன் முதுகுதான்.

ஏறிய முனையைப் பிரிப்பது லேசில்லை. குறடு நழுவும், கால் ஒடிந்துவிடும். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. கடைசியில் அவன் குனிந்து கையைச் சேற்றோடு வைத்துத் திறந்தான். பறவை ஒற்றைக் காலில் நின்றது. இரண்டு தத்து. பிறகு தண்ணீரை ஒட்டித் தாழ்வாகப் பறந்து, தூரத்தில் குத்திக்கொண்டிருந்த கும்பலோடு கலந்துவிட்டது. வளையம் இல்லை. இனி அது எது என்று யாருக்கும் தெரியாது.

அதற்குள் பாதல்தா சேற்றில் விழுந்தடித்து ஓடி வந்தார். நம்பரைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது, எங்கள் நம்பர். அந்த வயசு மனிதர் வெங்கியைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அதே பறவை, அதே சேறு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, பறவை எங்கே என்றார்.

வெங்கி உள்ளங்கையை விரித்து வளையத்தைக் காட்டினான். பாதல்தா குதிப்பதை நிறுத்தினார். இப்படி ஆவது உண்டு, எல்லார் கையிலும் ஒரு தரம் ஆகும் என்றார். நல்ல மனுஷன். சொன்னபடி அன்றைக்கே சிபாரிசும் எழுதினார்.

கோடியக்கரையிலிருந்து வரச் சொல்லி எழுதிவிட்டார்கள். வெங்கி போகவில்லை. ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்று முதலில் சொன்னான். அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டான். அதற்கடுத்த ஞாயிறு கடைக்கு வந்து காப்பிப் பொடி வாங்கினான். நகம் சுத்தமாக இருந்தது.

சாந்த்ராகாச்சியில் கடலை

நான் சும்மா இருக்கவில்லை. அவனை மறுபடி சேற்றில் இறக்குவதற்கு எனக்குத் தெரிந்த எல்லாக் கோமாளித்தனமும் செய்து பார்த்தேன். ஒரு குளிர்கால மத்தியானம், கடைக்கு வருகிற ஒருத்தர் வீட்டுக் காதுகுத்து என்று பொய் சொல்லிச் சாந்த்ராகாச்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரயில் யார்டை ஒட்டி ஏரி. ஏரி கொள்ளாத வாத்து. எல்லாம் சேர்ந்து சீட்டியடிக்கிற சத்தத்தில், ஷண்டிங் எஞ்சினின் சத்தம்கூட அடங்கிவிடும்.

வெங்கி சுற்றிப் பார்த்தான். காதுகுத்து இல்லை என்று புரிந்தது. கோபித்துக்கொள்ளவில்லை. கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, ஏரிக்கு முதுகைக் காட்டிக் கரையில் உட்கார்ந்தான். தண்டவாளத்தைப் பார்த்தபடி கடலை உரித்தான்.

எனக்குத் தாங்கவில்லை. பேசிவிட்டேன்.

“ஏல வெங்கி, ஒனக்குச் சந்தேகம் இருந்திருந்தா இடது கால்லதான போட்டிருப்ப? நீ வலதுல போட்ட. சரியா இருக்குன்னு நெனச்சுத்தான போட்ட? தெரியாம நடந்ததுக்கு யாரு என்ன செய்ய முடியும்?”

அவன் கடலைத் தோலை ஊதினான். தோல் என் சட்டையில் வந்து ஒட்டியது.

“ரயில் வந்துடும். கிளம்பு” என்றான்.

வருஷங்கள் போய்விட்டன. வேறு வேறு இடங்களில், வேறு வேறு மாதிரி, அதே சமாதானத்தைத்தான் அவனுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். தெரியாமப் போட்டதுடா, தெரியாமப் போட்டது. டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், டிராமில் சொல்லியிருக்கிறேன், அவன் கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றுவான். நான் விளையாட்டுப் பேர்வழி, அதனால் நான் சொன்னால் ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். படித்தவன் எவனாவது எடுத்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானோ, கோடியக்கரைக்குப் போயிருப்பானோ என்று வருத்தமாக இருக்கும்.

இப்போது அவன் ஆபீசில் பெரிய நாற்காலிக்கு வந்துவிட்டான். ஃபைல் கயிற்றை மற்றவர்கள் கட்டுகிறார்கள். பாதல்தா காலமாகிவிட்டார். நாங்கள் வலை கட்டிய இடத்தில் இப்போது யாரும் வலை கட்டுவதில்லை. பறவைகள் வருகின்றன என்று படகுக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தச் சேற்று வாசனை சில சமயம் மழை நாளில் பவானிபூர்ப் பள்ளத்திலிருந்து வரும். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

வாசித்துக் காட்டியது

அவன் கதையை அவனைக் கேட்காமல் போடுவது சரியில்லை என்று தோன்றியது. நேற்று வெங்கி கடைக்கு வந்தான். கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, அத்தான் முறைக்க முறைக்க, மேலே உள்ளது முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பேரை மாற்றிவிடட்டுமா என்றும் கேட்டேன்.

மசாலாப் பொடிக்குச் சிரித்தான். போலீஸ் பெஞ்சுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தான். கடைசிப் பறவை வந்தபோது காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான். சாந்த்ராகாச்சி வரைக்கும் வாசித்து நிமிர்ந்தேன். அவன் எழுந்து, கொக்கியில் தொங்கிய துணிப்பைகளில் ஒன்றை எடுத்து, கயிற்றை இழுத்து மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் மாற்றவில்லை. அவன் சொன்னதை மட்டும் கீழே சேர்க்கிறேன்.

“போட்டுக்கோடா, பேரை மாத்த வேண்டாம், ஆனா அன்னிக்கு நான் ரிங்கு போட்டது இடது கால்ல.”